தங்கும் நேரம்

வந்தவர்களில் நூற்றுக்கு எண்பத்தொரு பேர்
முதல் பக்கத்திலேயே திரும்பிப் போயிருந்தார்கள்.
அறிக்கை முழுக்கச் சிவப்பு.
லோயர் பரேல், பதினான்காம் மாடி,
கண்ணாடிக்கு வெளியே ஜூலை மழை.

பிடித்து வை என்றாள் பூர்வா.
பிடித்து வைத்தேன்.
மூன்று படங்கள் தாமாகவே நகர்ந்தன.
மூலையில் ஒரு பச்சைக் குமிழ்
உதவட்டுமா உதவட்டுமா என்று துள்ளியது.
மூடப் போகிற விரலுக்கு முன்னால்
ஒரு பெட்டி வந்து விழுந்தது:
போகாதீர்கள், பத்து சதவீதம் தள்ளுபடி.

பதினெட்டு அறை லாட்ஜ் அது,
பரேல் சந்து ஒன்றில்.
பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்
தங்குகிற இடம்.
இசக்கியப்பன், சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம்,
என் வேலையைப் போனில் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"நல்லாத்தான் இருக்கு தாயி.
ஆனா என்னத்துக்கு ராட்டினம் மாதிரி சுத்துது?
வாறவனுக்கு ஏற்கெனவே தல சுத்திட்டுல்லா இருக்கும்."

எனக்குக் கோபம்.
ராட்டினத்துக்கு மூன்று இரவு ஆகியிருந்தது.

படம் எடுக்க நேரில் போன செவ்வாய்க்கிழமை
மாடிப்படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.
அறை இல்லையென்று சொல்லியிருக்கிறார்கள்.
மடியில் எக்ஸ்ரே உறை,
கையில் கீறல் விழுந்த போன்,
அதில் ஒரே கோடு சிக்னல்.
அடுத்த சந்து லாட்ஜின் தளம் திறந்துகொண்டிருந்தது.
அதுவும் எங்கள் வேலைதான்.
வெள்ளை வட்டம் சுழன்றது, சுழன்றது.
சோபாவில் சிரிக்கும் குடும்பம் பாதி வந்தது.
பிறகு பெட்டி.
மூடப் பார்த்தார்.
காய்த்துப்போன கட்டைவிரல்
தள்ளுபடியில் போய் விழுந்தது.
மறுபடி வட்டம்.

அந்தப் பெருக்கல் குறியை
அத்தனை சிறிதாக வரைந்தது நான்.
வேண்டுமென்றேதான்.

என்ன தேடுறீங்க என்றேன்.
"லிப்ட் இருக்கான்னு.
அவளால படி ஏற முடியாது."

அன்றிரவு சயான் கோலிவாடாவில்,
தங்கையின் குழந்தை தூங்கிய பிறகு,
ராட்டினத்தைக் கழற்றினேன்.
குமிழை உடைத்தேன்.
எழுதினேன்:
லிப்ட் உண்டு, இரவு பத்துக்கு மேல் ஓடாது.
ஆஸ்பத்திரிக்கு நடந்தால் ஆறு நிமிடம்,
சக்கர நாற்காலி என்றால் பன்னிரண்டு,
பால் பூத் அருகில் ஒரு மேடு.
கஞ்சி வைக்க அடுப்பு.
வாடகை இவ்வளவு, வேறெதுவும் ஒளித்து வைக்கவில்லை.
எல்லாவற்றுக்கும் மேலே
கட்டைவிரல் அகலத்தில் போன் எண்.

அடுத்த மாதமும் அறிக்கை சிவப்புதான்.
சராசரி தங்கும் நேரம் பதினொரு விநாடி.
பூர்வா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.
நான் இசக்கியப்பனை ஸ்பீக்கரில் போட்டேன்.
"போனைக் கீழ வைக்க விடமாட்டேங்காவ தாயி,
இரு, இரு, அங்க ஒண்ணு அடிக்கி..."
பூர்வாவுக்குத் தமிழ் தெரியாது.
பின்னால் அடித்த மணி புரிந்தது.

ஒரு வருகை மட்டும்
எந்தச் சராசரியிலும் ஒட்டவில்லை.
கோவில்பட்டியிலிருந்து,
இரவு இரண்டு மணிக்கு மேல்,
நாற்பது நிமிடம், சில நாள் அதற்கும் மேல்.
எதையும் அழுத்துவதில்லை. அழைப்பதில்லை.
நேராகக் கீழே இறங்கி
அன்றைக்கு நான் எடுத்த ஒரே படத்தில் நிற்கிறது:
ஏழாம் எண் அறை,
ஜன்னல் கம்பியில் காயும் நீலத் துண்டு.

லாட்ஜின் பதிவேட்டைப் புரட்டினால்
பெயர் கிடைத்துவிடும்.
கேட்கவில்லை.

அந்தப் படம் கனம்,
எடுத்துவிட்டால் பக்கம் அரை விநாடி முந்தித் திறக்கும் என்று
வாரம் ஒருமுறை எனக்கும் ஒரு பெட்டி வந்து விழுகிறது.
மூடிவிடுகிறேன்.
அதற்குப் பெருக்கல் குறி
நல்ல பெரிதாகத்தான் இருக்கிறது.